இசைத்தட்டில் இல்லாத எட்டு வட்டங்கள்

செப்டம்பர் 9, சனிக்கிழமை. மேலூர். திருமண வரவேற்பு. தொடக்கம் மாலை 6.15. பாடல்கள் 21. மறுமுறை கேட்கப்பட்டது 1. தூறல் ஏழு மணிக்கு நின்றது. மின்தடை இல்லை.

மறு ஆண்டு, செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. வாடிப்பட்டி. கோயில் திருவிழா. பாடல்கள் 24. மறுமுறை கேட்கப்பட்டது 1. மேலூரில் கேட்ட அதே பாடல்.

அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, செப்டம்பர் 9, திங்கட்கிழமை. கச்சேரி இல்லை. கீழக்குயில்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். வேறொரு குழு வாசித்தது. எட்டு வட்டமும் இருந்தது.

இவை என் மனைவி வசந்தாவின் குறிப்பேட்டிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்தவை. அவள் மெல்லிசைக் குழு ஒன்றில் அக்கார்டியன் வாசித்தாள். ஒவ்வொரு கச்சேரிக்கும் இப்படி நான்கைந்து வரிகள் எழுதிவைத்தாள். எந்த வரியிலும் தன் பெயரை எழுதவில்லை.

நேற்றுக் காலை ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் கைப்பேசிக் குழுவில் ‘இசை வரலாற்றில் இன்று’ என்ற பட்டியல் வழக்கம்போல வந்தது. அனுப்புபவர் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். நாள் தவறாமல் அனுப்புவார். எங்கிருந்து எடுக்கிறார் என்று மட்டும் சொல்லமாட்டார். செப்டம்பர் ஒன்பதாம் நாளில் எங்கோ ஒரு பாடகர் பிறந்திருக்கிறார், எங்கோ ஓர் இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பிடித்திருக்கிறது, எங்கோ ஒரு குழு சண்டையிட்டுக் கலைந்திருக்கிறது. மேலூர் இல்லை. பண்டிகை வாழ்த்துகளுக்குக்கூடப் பதில் அனுப்பாத நான், ‘பட்டியல் முழுமையானதன்று’ என்று எழுதிவிட்டேன். எது விடுபட்டது என்று அவர் உடனே கேட்டார். விடை கைப்பேசியில் அடங்கக்கூடியதாக இல்லை. ஆகவே அந்த விடையை விரிவாக எழுதிவைக்கிறேன்.

வசந்தா இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

குறிப்பேட்டைத் தேடித்தான் அக்கார்டியன் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டையின் வாசனை முதலில் வந்தது. அதன் பின்னால் பழைய தோல்வாரின் வாசனை. மூன்றாவதாக ஒன்று இருந்ததைக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. சூடேறிய வானொலிப் பெட்டியின் மேல் படிந்த தூசி கருகுவது போன்ற வாசனை அது. பெட்டிக்குள் அது இருக்க வழியே இல்லை. இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுக்கவேண்டும். ஆனால் மதுரை மேல மாசி வீதியில் ஒரு துணிக்கடையின் மாடி அறை அப்போது கண்முன் வந்துவிட்டது, மறுக்கும் எண்ணம் போய்விட்டது.

அந்த அறையில்தான் மாணிக்கம் அண்ணனின் குழு ஒத்திகை பார்த்தது. அண்ணன் பகலில் நூற்பாலை மேற்பார்வையாளர், மாலையில் தபேலாக்காரர். வசந்தாவைத் ‘தங்கச்சி’ என்று அழைத்ததால் முறைப்படி நான் அவருக்கு ‘மாப்ள’ ஆனேன். எங்களுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. பள்ளி நாளில் ஆர்மோனியம் கற்றவள் அக்கார்டியனுக்குத் தானே மாறினாள். கல்லூரி விரிவுரையாளரின் மனைவி கல்யாண மேடையில் வாசிப்பதைப் பற்றி என் துறையில் சிலர் பேசினார்கள். நான் அதற்கெல்லாம் அஞ்சாதவன் என்று காட்டிக்கொள்வேன். ஆனால் கச்சேரி விளம்பரத் தாளில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வராமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

அந்தக் காலத்தில் ஒரு புதுப்பாட்டைப் பிடிப்பது எப்படியென்று சொல்ல வேண்டும். இசைத்தட்டு மதுரைக்கு வந்துசேர வாரங்கள் ஆகும். கல்யாண வீட்டார் காத்திருக்கமாட்டார்கள். பாட்டு வரிகள் கவலையில்லை, திரையரங்கு வாசலிலேயே பாட்டுப் புத்தகம் கிடைக்கும். இசையை வானொலியில்தான் பிடிக்க வேண்டும். ஞாயிறு பிற்பகல் நேயர் விருப்பத்தில் பாட்டு ஒரே ஒரு முறை வரும். திருப்பிப் போட்டுக் கேட்க முடியாது. ஆகவே குழுவினர் பாட்டைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் வயலினை மட்டும் கேட்பார். ஒருவர் புல்லாங்குழலை, இன்னொருவர் கிதாரின் அடித்தந்தியை. அடுத்தவர் பங்கைக் கேட்பது குற்றம். வானொலியைச் சுற்றி எட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு தாளும் பென்சிலுமாக அமர்ந்திருப்பார்கள். பாட்டு முடிந்ததும் துண்டுகளை ஒட்டவைப்பார்கள். பெரும்பாலும் ஒட்டும்.

எனக்கு எந்த வாத்தியமும் தெரியாது. ஆய்வகத்தின் நிறுத்துகடிகாரம் என் கையில் இருந்தது என்ற ஒரே தகுதியில் இடையிசையின் நீளத்தை அளக்கும் வேலை எனக்கு வந்தது.

குறிப்பேட்டில் இருக்கும் அந்தப் பாட்டு வானொலியில் வந்தது ஓர் ஆனி மாதத்தில். முதல் சரணம் வரை எல்லாம் ஒழுங்காகப் பிடிபட்டது. இரண்டாம் இடையிசை தொடங்கியதும் அறிவிப்பாளர் ஒலியைக் குறைத்து, பாட்டை விரும்பிக் கேட்டவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக வாசித்தார். பெயர்கள் முடிந்தபோது இரண்டாம் சரணம் வந்திருந்தது. அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் பெயர்கள். மூன்றாம் ஞாயிறும் அப்படியே. அந்த இடத்தின் நீளம் தாளச் சுற்றுக் கணக்கில் சரியாக எட்டு வட்டம் என்று அளந்து சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெயர்களுக்குப் பின்னால் மெல்லியதாக ஒலித்தது அக்கார்டியன்தான் என்றும் சொன்னேன். கூடவே அதிர்வெண்களைப் பற்றி ஒரு சிறு விளக்கம்.

மாணிக்கம் அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார். “படிச்சவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும். தங்கச்சி, அந்த எட்டும் ஒம் பங்கு.”

அடுத்த ஒத்திகைக்கு வசந்தா எட்டு வட்டங்களோடு வந்தாள். வாசித்தாள். யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டத் தயங்கி, பிறகு தட்டி, கதவு திறந்ததும் சிரிப்பது போன்ற மெட்டு அது. இதைவிடத் துல்லியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கே கேட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. என் காதின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆவணியில் மேலூர்க் கச்சேரி வந்தது. அதற்குள் குழுவில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. பெண் ஒருத்தி அம்மாம்பெரிய வாத்தியத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நிற்பது சில கல்யாண வீட்டாருக்குப் பிடிக்கவில்லை என்றார்கள். அவளுக்குப் பதிலாகத் திண்டுக்கல்லில் ஓர் ஆள் ஆயத்தமாக இருப்பதாகவும் சொன்னார்கள். மாணிக்கம் அண்ணன் மறைக்கவில்லை. மேலூரில் ஒரு குறை வந்தாலும் அடுத்த மாதம் முதல் தன்னால் தாங்கிப்பிடிக்க முடியாது என்று அவளிடமே சொல்லிவிட்டார். அவள் தலையசைத்தாள். அந்த வாரம் முழுவதும் காலையில் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் எழுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் வாசித்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் மேலூர் போய்ச் சேர்ந்தோம். பேருந்து நிலையத்துக்கு அருகே மண்டபம். கல் ஏற்றிய லாரிகளின் வெண்தூசி பந்தல் துணியில் படிந்திருந்தது. எங்களுக்குத் தேநீர் வந்தது. கூடவே மணப்பெண்ணின் அண்ணன் ஒரு செய்தியோடு வந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் சென்னையிலிருந்து வந்திருக்கிறார், படப் பாடல்களுக்கு வயலின் வாசிப்பவர், நாங்கள் வாசிக்கப்போகும் அந்தப் பாட்டிலும் வாசித்தவர். அந்தப் பாட்டின் இசைத்தட்டையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். எங்களுக்குக் கேட்கக் கொடுப்பது உபகாரம் என்று எண்ணி பெண்ணின் அண்ணனான அந்த நல்ல மனிதர் அதை வாங்கிவந்து அங்கேயே ஓடவிட்டார்.

இரண்டாம் இடையிசை வந்தது. முழுக்க முழுக்க வயலின்கள். மெட்டே வேறு. அக்கார்டியன் மருந்துக்கும் இல்லை.

தட்டு நின்றது. மாணிக்கம் அண்ணன் தேநீர்க் குவளைக்குள் பார்த்தபடியே கேட்டார்.

“மாப்ள, பேரு வாசிக்கையில ஒரு அக்கார்டியன்காரன் பின்னாடி நின்னான்னியே. எங்க, அவனக் கொஞ்சம் கூப்பிடு.”

யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் தகப்பனார் கொடுத்த விருப்பப் பட்டியலில் அந்தப் பாட்டுத்தான் முதலில் இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் வயலின் பகுதியைப் புதிதாகப் பிடிக்க வழியில்லை. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு வயலின். அந்த இடத்தில் தபேலாவை மட்டும் உருட்டிவிட்டுச் சரணத்துக்குப் போய்விடலாம் என்றார் அண்ணன். அதுவே நல்லது என்றேன் நானும். அவளைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. காப்பாற்றிக்கொண்டது என் காதை.

வசந்தா தோல்வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். “பாட்டுக்கு நடுவுல ஓட்டை விட்டுட்டு வாசிக்கச் சொல்றீகளாண்ணே?”

“தங்கச்சி, அந்தாளு மொத வரிசையில உக்காந்திருப்பாரும்மா.”

“உக்காரட்டும். தப்புன்னா எங்கிட்டயே சொல்லட்டும். நான் வாசிக்கிறேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் லாரிகளைப் பார்த்தேன்.

பதினான்காவது பாட்டாக அது வந்தது. தூறல் நின்றிருந்தது. சென்னை வயலின்காரர் முதல் வரிசைச் சோபாவில் அமர்ந்து, முழங்காலில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முதல் சரணம் முடிந்ததும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் வாசிப்பு வரும் இடம் என்று அவருக்குத் தெரியும். வசந்தா துருத்தியை விரித்தாள். முதல் வட்டத்திலேயே அவருடைய விரல் நின்றுவிட்டது. மூன்றாவது வட்டத்தில் காபிக் குவளையைத் தரையில் வைத்தார். எட்டும் முடிந்து பாடகர் சரணத்தை எடுத்தபோதும் அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்குமுன் எழுந்து மேடைக்கு வந்தார். மாணிக்கம் அண்ணனும் எழுந்துவிட்டார். வயலின்காரர் அண்ணனைத் தாண்டி வசந்தாவிடம் போனார். ஒலிவாங்கி அருகில் இருந்ததால் பந்தல் முழுவதும் கேட்டது.

“இதை எங்கம்மா கேட்டே?”

“எங்கயும் கேக்கலைங்க. ரேடியோவுல அந்த எடம் கேக்கல. அதேன் நானாப் போட்டேன்.”

“நாங்க பன்னெண்டு வயலின் உக்காந்து வாசிச்சோம். எங்க யாருக்கும் இது தோணலியேம்மா,” என்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஒரு பார்வையாளரைப் போலக் கையை உயர்த்தி, “ஒன்ஸ் மோர்” என்றார்.

பந்தல் அதைப் பிடித்துக்கொண்டது. வெளியே பேருந்துக்கு நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். அவர் எங்கள் வயலின்காரரிடம் வாத்தியத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டாம் முறை அந்த இடம் வந்தபோது தம் மெட்டை வாசிப்பார் என்றே எல்லாரும் எதிர்பார்த்தோம். அவர் வாசிக்கவில்லை. அவளுடைய எட்டு வட்டங்களுக்கும் அடியில் ஒரே சுரத்தை நீளமாக, வில் மாறுவதுகூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அதன் மேல் ஏறி நடந்தாள்.

மாணிக்கம் அண்ணன் தாளம் தவறவிட்டதை என் வாழ்நாளில் ஒரே முறைதான் கண்டேன், அதுவும் அப்போதுதான். திண்டுக்கல் ஆளைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது, என் காதால் அவளைப் பெரும் இக்கட்டில் மாட்டிவிட்டதற்கு முறைப்படி வருத்தம் தெரிவித்தேன். அவள் செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. “அக்கார்டியன் சத்தம் எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க சொன்ன அன்னைக்கே இல்லைன்னு தெரியும்.”

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எட்டு வட்டம் சும்மா கெடைக்குது. யாரு விடுவா?”

அடுத்த ஆண்டுக்குள் மதுரை வட்டாரக் குழுக்கள் எல்லாம் அந்த இடத்தில் அவளுடைய இசையை வாசித்தன. அக்கார்டியன் இல்லாதவர்கள் ஆர்மோனியத்தில் வாசித்தார்கள். வாடிப்பட்டியில் ஒரு குழு நாகசுரத்திலேயே வாசித்தது. டவுன்ஹால் ரோட்டில் ஓர் இசைத்தட்டுக் கடையில் நான் நின்றிருந்தபோது, ஒருவர் வாங்கிய தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். “அண்ணே, இதுல நடுவுல வர்ற அக்கார்டியன் பிட்ட வெட்டிட்டாய்ங்க. முழுசா உள்ளது குடுங்க.” கடைக்காரர் தட்டைப் போட்டுக் காட்டினார். வந்தவர் ஏற்கவில்லை. நல்ல தட்டு இருந்தால் சொல்லி அனுப்பும்படி கூறிவிட்டுப் போனார். நான் வீடு வரை நடந்தே போனேன். பேருந்தில் உட்கார முடியாத அளவுக்கு மகிழ்ச்சி. அவள் அதைக் கேட்டுவிட்டு, அந்த ஆள் எந்த ஊர் என்று மட்டும் விசாரித்தாள்.

இப்போது நேயர் பெயர்களை வாசிப்பவர் இல்லை. பாட்டு முழுமையாக, எத்தனை முறை வேண்டுமானாலும் கைப்பேசியில் வருகிறது. கேட்காமல் விட்டுப்போகும் இடம் என்று எதுவும் பாட்டில் மீதி இல்லை. கல்யாண மண்டபங்களில் ஒலிக்கருவியை ஒருவர் பொத்தான் அழுத்தி இயக்குகிறார். மாணிக்கம் அண்ணன் இல்லை. துணிக்கடை நான்கு மாடியாகிவிட்டது. எட்டு வட்டங்களை வாசித்தவர்களில் யார் எஞ்சியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒலிநாடாவில் யாரும் பதிந்ததாகத் தெரியவில்லை. தேவைப்படும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அதுதான் அடுத்த வாரமும் எங்காவது கேட்குமே.

செய்யாமல் இருப்பவை:

அக்கார்டியனின் துருத்தியில் இரண்டு மடிப்புகள் ஒட்டு விட்டிருக்கின்றன. ஒட்டுவதற்கு ஆள் பார்க்க வேண்டும்.

எட்டு வட்டங்களையும் சுரப்படுத்த வேண்டும். ஆறு முடிந்தன. ஏழாவதில் ஓரிடத்தில் ஐயம். கேட்பதற்கு ஆள் இல்லை.

வாடிப்பட்டியில் நாகசுரத்தில் வாசித்த குழுவினரின் வீட்டை விசாரிக்க வேண்டும்.

கைப்பேசியில் அந்தப் பாட்டை ஒருமுறையாவது முழுமையாகக் கேட்க வேண்டும். இரண்டாம் இடையிசைக்கு முன்பே நிறுத்திவிடுகிறேன்.