பேசாத கம்ப்யூட்டரும் மூன்று சவுண்டு கார்டும்

கண் பார்வை இல்லாத ஒருவரிடம் போனில், “ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்ட மகான் நான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. முதல் தடவை அவர் சிரித்தார். இரண்டாம் தடவை, “ஒரே இருட்டா தெரியுதுங்க” என்றார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருவதெல்லாம் இதைவிடக் கேவலம்.

அப்போது விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் விற்று, பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் என்று நினைக்கிறேன். அவர் திண்டிவனத்துக்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பாடங்களையெல்லாம் நண்பர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கிற சாஃப்ட்வேர் ஒன்று அதில் இருந்தது. நமக்குச் சவுண்டு போனால் பாட்டு கேட்காது, அவ்வளவுதான். அவருக்குச் சவுண்டு போனால் புத்தகமே மூடிக்கொள்ளும்.

ஒரு மழை நாளில் இடி இறங்கி அவருடைய மதர்போர்டு போய்விட்டது. புது போர்டு மாட்டிக் கொடுத்தேன். புது போர்டுகளில் சவுண்டும் சேர்ந்தே வந்துவிடும், தனிக் கார்டு தேவையில்லை. அவருக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. “சளி புடிச்சவன் பேசற மாதிரி இருக்குதுங்க. என் பழைய கார்டையே போட்டுடுங்க. பரீட்சைக்கு ஒன்ற மாசந்தான் இருக்குது” என்றார். போட்டேன். பேசியது. அவருடைய அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, வெற்றி வீரனாக பஸ் ஏறினேன்.

மறுநாள் போன். பேசவில்லையாம். அதற்கு மறுநாள் பேசியதாம். அடுத்த இரண்டு நாள் மறுபடி ஊமை.

எங்கள் தொழிலில் ஒரு வார்த்தை உண்டு: “செட் ஆவல.” இந்த போர்டுக்கு இந்தக் கார்டு செட் ஆவல. என்ன கோளாறு என்று தெரியாதபோதெல்லாம் டாக்டர்கள் கேஸ் டிரபுள் என்பார்களே, அதுமாதிரி. அதைச் சொன்னால் வாடிக்கையாளர் தலையாட்டுவார், நமக்கும் மானம் பிழைக்கும். எத்தனை பேரிடம் எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல இருக்கிறது.

“கார்டு பழசுங்க. போர்டு புதுசு. ரெண்டுக்கும் செட் ஆவல” என்றேன்.

“அன்னிக்கி நீங்க இருக்கசொல்ல நல்லா பேசிச்சே?”

“அது அப்படித்தாங்க.”

வேறு கார்டு எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்து ஒரு கரப்பான் என் சட்டைக்குள் இறங்கியது. கார்டு செருகும் பள்ளம் முழுக்கக் கருங்கடுகு சிந்தினமாதிரி அதன் எச்சம். மின்விசிறியின் அடியில் ஒட்டியிருந்த பல்லி முட்டை என் விரலில் உடைந்தது. டீத்தட்டோடு வந்த அவருடைய அம்மா அப்படியே நின்றுவிட்டார். நான், இதுதான் சாக்கு என்று, “பாருங்கம்மா, இவ்ளோ குப்ப இருந்தா எப்படிப் பேசும்?” என்றேன். அந்த அம்மா கூனிக்குறுகிப்போனார். குப்பைக்கும் கோளாறுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வீட்டுக்குள் போன பூச்சிகளில் நான்தான் பெரிது.

புதுக் கார்டு அன்று பேசியது. மறுநாள் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் இழுத்தடித்தேன். கடையில் வேலை, கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்பவனுக்கு அவசரம், இன்னும் என்னென்னவோ. ஒருநாள் அவர் கூப்பிட்டபோது நாற்காலியில் சாய்ந்தபடியே, “வந்துகினே இருக்கேங்க. கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன்” என்றேன்.

“அங்கயும் யூபிஎஸ் கத்துதுங்களா?” என்றார்.

கரண்ட் போய் என் கடையே கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அன்றே பஸ் பிடித்து, மூன்றாவது கார்டு மாட்டினேன். கிளம்பும்போது அவருடைய அம்மா வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார்: “அது பேசாத அன்னிக்கி இவனும் எங்கிட்ட பேச மாட்டேங்கறான், தம்பி. பாத்து செய்யி.”

பார்த்துச் செய்யவில்லை. அதுவும் ஊமையானது. நான் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டேன்.

பத்து, பன்னிரண்டு நாள் கழித்து அவரே வேறு நம்பரிலிருந்து பிடித்தார். “பொட்டிக்குப் பின்னாடி ரெண்டு எடத்துல ஓட்ட இருக்குதுங்க. கார்டுல ஒண்ணு, போர்டுல ஒண்ணு. கார்டுல ஊமையா இருந்தா, ஸ்பீக்கர் வயர உருவி போர்டுல குத்தினா பேசுது. தடவிப் பார்த்தேன்.”

கோளாறு அவ்வளவுதான். பெட்டிக்குள் சவுண்டு இரண்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் ஆன் செய்யும்போது சிஸ்டம் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டது. ஸ்பீக்கரோ எப்போதும் கார்டில். மூன்று கார்டு மாற்றிய நான் பின்பக்கம் கையைக்கூட வைக்கவில்லை.

ஓடினேன். பெட்டியை ஆன் செய்ததும் வருகிற அந்த நீல செட்டிங் திரைக்குள் போனேன். போர்டின் சவுண்டுக்கு நேராக ‘ஆட்டோ’ என்று இருந்தது. தனிக் கார்டு மாட்டினால் போர்டு தானாக வாயை மூடிக்கொள்ளும் என்று அர்த்தம். மூடவில்லை. முதல் நாளே இதே வரியைப் பார்த்து, ‘ஆட்டோதானே, அது பாத்துக்கும்’ என்று நகர்ந்தவன் நான். அதை ‘டிசேபிள்’ ஆக்கினேன். இரண்டு நிமிஷம். அந்த நீலத் திரை மட்டும் எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் பேசாது. அவருக்கு அடுத்தவர் கண் வேண்டியிருந்த ஒரே இடம் அது. என் கண்ணைக் கொண்டுபோய் அங்கே வைத்து என்ன கிழித்தேன்?

நாலு தடவை அணைத்து நாலு தடவை ஆன் செய்தேன். நாலு தடவையும் கார்டே பேசியது. வெட்கத்தை மறைக்க வேண்டுமே, உற்சாகமாகக் கையைத் தட்டி, “இனிமே ராஜா மாதிரி படிக்கலாங்க. பரீட்ச என்னிக்கி?” என்று கேட்டேன்.

“போன ஞாயித்துக்கெழம முடிஞ்சிபோச்சிங்க.”