ஸ்டெல்லாவின் காரில் போன வெள்ளிக்கிழமைகள்

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண்ணைச் சர்ச்சில் இறக்கிவிடப் போனேன். காரில் ஏறியதும் என் டாஷ்போர்டுப் பிள்ளையாரை ஒரு பார்வை பார்த்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பார்வையில் நான் டாக்டர் பட்டமே வாங்கியவள்.

ஹூஸ்டன் பக்கத்திலுள்ள இந்தப் பேர்லேண்டுக்கு வந்த புதிதில் எனக்கு லைசன்ஸ் கிடையாது. கார் இல்லாமல் இந்த ஊரில் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. கணவர் ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். நான்கு வீடு தள்ளி ஸ்டெல்லா இருந்தாள். நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், வெள்ளிக்கிழமை லீவு. அவளாகவே வந்து சொன்னாள்: "கோயிலுக்குப் போணும்னா சொல்லுங்கக்கா, நான் டிராப் பண்றேன்."

நீங்களே சொல்லுங்கள், சும்மா யாராவது செய்வார்களா? எங்கள் ஊர் கோபியிலிருந்து அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். "பாத்து இருந்துக்க கண்ணு. இன்னிக்குக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, நாளைக்கு சர்ச்சுக்கு வான்னுவாங்க."

நானும் காத்திருந்தேன். அவள் வாயைத் திறந்தாலே, இதோ ஆரம்பித்துவிட்டாள் என்று நினைப்பேன். அவள் கேட்பதோ, வெண்டைக்காய் எங்கே பிஞ்சாகக் கிடைக்கிறது என்று. நான் மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு வரும்வரை பார்க்கிங்கில் உட்கார்ந்திருப்பாள். திரும்பும்போது கார் முழுக்க என் விபூதி வாசம். அவள் முகம் சுளித்ததில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒருமுறை பெட்ரோல் போட அவள் இறங்கியபோது, க்ளவ் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். துண்டுப் பிரசுரக் கட்டு இருக்கும் என்று அத்தனை நம்பிக்கை. டிஷ்யூ, பாதி தின்ற கடலைமிட்டாய், அடியில் கயிற்றோடு ஒரு சின்ன மரச்சிலுவை. நான் முதல் தடவை ஏறியபோது அது கண்ணாடியில் தொங்கியதும், வழி முழுக்க நான் அதை முறைத்துக்கொண்டே வந்ததும் ஞாபகம் வந்தது. எனக்காகக் கழற்றியிருக்கிறாள் என்று புத்திக்கு எட்டவில்லை. ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் எட்டியது. அன்றே அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஒருநாள் வீட்டுக்கு வாங்கக்கா, காபி குடிக்கலாம்" என்பாள். தலைவலி, விரதம் என்று தட்டிக்கழிப்பேன். போனால் சுற்றி உட்காரவைத்து ஜெபம் பண்ணிவிடுவார்கள் என்று பயம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்று போன் வந்தது. விசா சிக்கலில் ஊருக்குப் போக வழியில்லை. ஸ்டெல்லா வேலை உடுப்போடு நேராக வந்து என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே வெகுநேரம் அழுதுவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி போகவில்லை. இப்போது சொல்வாள் பார், இயேசுவை நம்புங்கள் என்று.

"சாப்பிட்டீங்களாக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா பிழைத்துக்கொண்டார். நான் லைசன்ஸ் எடுத்தேன். காபிக்கு மட்டும் போகவில்லை. இந்தமுறை காரணம் சந்தேகமில்லை, வெட்கம். எந்த முகத்தோடு போவது?

ஸ்டெல்லா குடும்பம் சான் ஹோசேவுக்கு மாறிப்போகிற அன்றுதான் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். நின்றுகொண்டே கேட்டுவிட்டேன்: "என்னை ஒரு தடவகூட சர்ச்சுக்குக் கூப்பிடலயே, ஸ்டெல்லா?"

டேப் ஒட்டிக்கொண்டே சிரித்தாள். "கூப்பிட்டா அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க கார்ல ஏறியிருக்க மாட்டீங்க. அப்புறம் உங்கள யாரு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவா?"

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கின்னு பாத்து டம்ளரெல்லாம் பேக் பண்ணிட்டேனேக்கா" என்றாள்.

அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். இரண்டு வருடம் அவள் காரில் ஏறி இறங்கியவள் நான். அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.