ஆன்டெனா பிடித்த ஞாயிறு

மட்டாஞ்சேரிக்கு டெலிவிஷன் வந்த புதிதில் எங்கள் தெருவுக்கு ஆன்டெனா திருப்புகிறவன் நான்தான். யாரும் நியமிக்கவில்லை, கூலியும் கிடையாது. மிளகுக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. வீட்டில் டெலிவிஷன் இல்லை, உயரம் என்றால் பயமும் இல்லை. இவ்வளவு தகுதி போதாதா? வீடுவீடாகக் கூரை ஏறினேன். படம் தெளிந்ததும் உள்ளேயிருந்து "மதி, மதி" என்று குரல் வரும். மலையாளத்தில் 'போதும்' என்கிற அந்த வார்த்தையைத்தான் நான் பாராட்டுப் பத்திரமாக வாங்கிக்கொண்டு இறங்குவேன்.

பக்கத்து வீட்டு மாமா மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கே வந்து அழைத்தார். நான் பார்த்தே தீரவேண்டும் என்றிருந்த மலையாளப் படம் அன்று சாயங்காலம்.

"ஆன்டெனாவை இத்திரி சரியாக்கிக் குடுடா, கொஞ்சம் திருப்பினாப் போதும். முன்னாடி நாற்காலி உனக்குத்தான். மாமி பஜ்ஜி போடறா."

தலைகால் புரியாமல் ஏணி வைத்துச் சமையலறைக் கூரைமேல் ஏறினேன். ஆன்டெனாக் குழாய் லொடலொடவென்று ஆடியது.

"வல்லார்பாடம் பக்கம் திருப்பு!" ஜன்னலில் மாமா. "ஐயோ, போச்சு! பள்ளுருத்தி பக்கம்! மதி! கண்ணாடியாட்டம் இருக்கு!"

கையை எடுத்தேன்.

"போயிடுத்து!"

பிடித்தேன்.

"வந்துடுத்து! அப்படியே பிடிச்சுண்டு நில்லு. எழுத்து போட்டு முடியட்டும்."

எழுத்து முடிந்தது. "மாமா, ஒரு கயிறு குடுங்கோ, கட்டிட்டு வரேன்!"

மறுபடி கத்தினேன்.

"அவன் கூப்பிடறானே?" என்றாள் மாமி.

"நல்ல பையன். நிப்பான்."

அந்த நல்ல பெயரைக் காப்பாற்ற நின்றேன். கூலிக்கு வந்தவன் என்றால் பாதியில் போய்விடுவானோ என்று பயந்தாவது மரியாதையாகப் பேசுவார்கள். சும்மா செய்கிறவனிடம் அந்தப் பயம் எதற்கு? கீழே எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று தெரியாமல் நானும் சிரித்து வைத்தேன். எட்டிப் பார்த்தால் ஜன்னலில் முன் நாற்காலி தெரிந்தது. அதில் மாமாவின் ஆபீஸ் நண்பர், மடியில் பஜ்ஜித் தட்டு.

படம் முடிந்து இறங்கினேன்.

"நடுவில படம் ஆடித்தேடா. கை வலிச்சுதோ?" என்றார் மாமா.

அக்கறையாக்கும் என்று நெகிழ்ந்து, "கொஞ்சம்" என்றேன்.

"அடுத்த வாரம் நன்னா சாப்டுட்டு வா."

நண்பர் சிரித்தார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "கடைசில அவன் அவளைக் கட்டிண்டானா, மாமா?"

"ஏண்டா, நீ பாக்கலியா? இங்கதானே இருந்தே!"

கேட்ட முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.