ரேடியோ அக்காவுக்குக் கிடைத்த பொறுப்பு

மேம்பாலத்துக்குக் கீழே, தையல் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு பார்லர். நாற்காலி இரண்டு, கண்ணாடி இரண்டு, வாய் ஒன்று. அந்த வாய்க்குச் சொந்தக்காரியைத்தான் எல்லோரும் ரேடியோ அக்கா என்பார்கள். யார் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்த மாடிக்குப் புதுக் குடித்தனம் வருகிறது, எல்லாம் ஒரு புருவம் திருத்தி முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.

மகள் படித்த பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குப் பெற்றோர் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தபோது அக்கா அமோகமாக ஜெயித்தாள். ஓட்டுப் போட்ட அம்மாக்களில் பாதிப் பேரின் தலைமுடி அவள் கையில்தான் இருந்தது.

முதல் கூட்டத்தில் தனிப்பொறுப்புகளைப் பிரித்தார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்குக் கணக்கு. கட்டட ஒப்பந்தக்காரருக்குச் சுவரும் கூரையும். படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைக் கவனிப்பது ஒரு குழந்தை மருத்துவருக்கு. மிஞ்சியது குழந்தைப் பாதுகாப்பு. பிள்ளைகளுக்கு ஏதாவது தொல்லை என்றால் தயங்காமல் வந்து சொல்லப் பள்ளியில் சரியான ஏற்பாடு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை.

"அதை நான் பாத்துக்கறேன்," என்று அக்கா கையைத் தூக்கினாள்.

எல்லோரும் குழுத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பல் மருத்துவர். பிறர் வாயைத் திறக்க வைத்தே பிழைப்பவர். அன்று ஒரு வாயை மூடச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இதுல காதுல விழறது எதுவும் வெளிய போகக் கூடாது."

"போகாது சார்."

ஒப்பந்தக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவர் மனைவி அக்காவின் நிரந்தர வாடிக்கையாளர்.

வீட்டில் கணவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. "நீயா? ரகசியமா? யாரு உன் பேரைக் குடுத்தது?"

"நானேதான் குடுத்தேன். தண்ணியக் குடிங்க."

பள்ளியைப் பார்க்கப் போன அன்று தலைமை ஆசிரியை பெருமையாக வரவேற்றார். "எல்லாம் பக்காவா இருக்கு. பிள்ளைங்க குறை கேக்கன்னே ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்க படத்தையும் ஒட்டியிருக்கோம்." அதற்குள் தொலைபேசி அழைக்க, அவர் உள்ளே போனார். வராந்தாவில் நின்ற பிள்ளைகளிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள். அது அவளுக்குச் சொல்லித் தரவேண்டிய வித்தை இல்லை.

"மனசுக்குக் கஷ்டமா ஏதாவது நடந்தா யார்கிட்ட சொல்லுவீங்க?"

"வாட்ச்மேன் அண்ணன்கிட்ட." "எங்க சித்திகிட்ட." "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஏன், அந்த டீச்சர் இருக்காங்களே?"

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குரலைத் தாழ்த்தினாள். "அவங்களைப் பாக்கணும்னா பெரிய டீச்சர் ரூம் வாசல்ல பெஞ்சுல உக்காரணும் ஆன்ட்டி. தப்பு பண்ணினவங்களையும் அங்கதான் உக்கார வைப்பாங்க. போற வர்றவங்க எல்லாம், 'நீ என்னடி பண்ணினே?'ன்னு கேப்பாங்க."

அடுத்த கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னதும் தலைமை ஆசிரியையின் முகம் சுருங்கியது. "எங்க பெஞ்சு போடணும்னு இனிமே பார்லர்லதான் கேக்கணுமா?"

"பெஞ்சைப் பத்தி நான் எதுவும் சொல்லல டீச்சர். பிள்ளைங்க சொன்னதைச் சொன்னேன்."

"எந்தப் பொண்ணு சொன்னா?"

"அது வெளிய போகக் கூடாதுல்ல?"

"நான் தலைமை ஆசிரியை!"

"தெரியும் டீச்சர். இருந்தாலும் சொல்ல மாட்டேன்."

பல் மருத்துவர் மேசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். தலைமை ஆசிரியை இரண்டு நாள் உம்மென்று இருந்தார். மூன்றாம் நாள் அவரே போய் அந்த வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாராம். ஒரு பிள்ளை ஓடி வந்து, "டீச்சர், நீங்க என்ன பண்ணினீங்க?" என்று கேட்டுவிட்டது. அன்று சாயங்காலமே குறை கேட்கும் ஆசிரியைக்கு நூலகத்தை ஒட்டிய சின்ன அறை கிடைத்தது.

உண்மையான சோதனை பார்லரில்தான். தலையில் டையோடு உட்கார்ந்திருந்த ஒப்பந்தக்காரர் மனைவி ஆரம்பித்தாள்: "ஏன்க்கா, அந்த டீச்சர் ரூமைத் திடீர்னு மாத்தினாங்களே, எந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

அக்காவுக்கு நாக்கின் நுனி அரித்தது. பல்லைக் கடித்தாள். பேச்சை மாற்றக் கையில் கிடைத்ததைத் தூக்கிப் போட்டாள். "அதை விடு. எங்க வீட்டுக்காரர் மீசைக்கு டை அடிக்கறார், தெரியுமா?"

இப்படியே அந்த மாதம் முழுக்கப் போனது. பள்ளிக்கூட விஷயம் ஒன்றுகூடக் கசியவில்லை. ஆனால் கணவர் பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறுவது, தூக்கத்தில் தன் ஆபீஸ் மேலாளரைத் திட்டுவது எல்லாம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவிவிட்டது.

"ஊர்ப் பிள்ளைங்க ரகசியத்தைக் காப்பாத்த என் மானம்தான் கிடைச்சுதா?" என்று அவர் குதித்தார்.

"நீங்க பெரியவர். தாங்குவீங்க," என்றாள் அக்கா.

பிறகொரு நாள் அவள் நூலகப் பக்கம் போனபோது, புது அறைக்குள் ஒரு சின்னப் பெண் கால்களை ஆட்டிக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசிரியை தரையில் சம்மணமிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அது என்னவென்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டையே வெடித்துவிடும் போலிருந்தது. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, விடுவிடுவென்று நடந்து வெளியே வந்துவிட்டாள்.