ஐந்தாவது கொட்டாங்குச்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எனக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. நோட்டைத் திறப்பேன். மேலே "முருகா துணை" என்று எழுதுவேன். அதற்குக் கீழே ஒன்றும் வராது. மூடிவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குற்றம் இல்லை. முருகன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

இப்போது என்னை எழுத வைத்தவள் என் சின்ன மகள். அவள் கதை எழுதுகிறாள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "எங்க போரடிச்சுதும்மா?" என்று கேட்டாள். அதே கேள்வியை எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் மாமா கேட்டார். நானும் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலில்தான் ஒரு கதை கெட்டுப்போனது.

கூடலூரிலிருந்து நாடுகாணி போகிற வழியில் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் வாசலில் அப்பா சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்தார். நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு இருந்தார். எஸ்டேட்டில் இலை எடை போடுகிற வேலை. சிலோனிலிருந்து திரும்பி வந்து அங்கே குடியேறியிருந்த பெண்கள்தான் அதிகம் இலை பறித்தார்கள். அவர்கள் மாமாவைக் "கணக்கப்பிள்ளை" என்று கூப்பிடுவார்கள். மாமாவுக்கு அதில் பெருமைதான். ஆனால் அவருக்கு வேறொரு ஆசை இருந்தது. கதை எழுதிப் பத்திரிகையில் வரவேண்டும்.

நாலு கதை அனுப்பி நாலும் திரும்பி வந்திருந்தது. அப்பா சும்மா இருக்க மாட்டார். "ஏம் மாப்பிள்ள, உன்ற கதைக்கு வேற ஒண்ணும் தெரியாட்டியும் ஊட்டுக்கு வர்ற வழி மட்டும் நல்லாத் தெரியுதே!" என்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். மாமாவும் சிரிப்பார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டாவது தரம் சோறு கேட்க மாட்டார்.

ஐந்தாவது கதையை எழுதி முடித்ததும், எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "தாயே, இது ஒண்ணு. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா, கதை எழுத இனிப் பேனாவைத் தொட மாட்டேன்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அம்மன் முன்னால் சொன்ன சொல்லை எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே மாமா தன் யோசனையைச் சொன்னார். "முகத்துக்கு நேராக் கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க அம்மணி. ஆனா ஒடம்பு பொய் சொல்லாது. கதை எங்க தொய்யுதோ அங்க ஆளு அசைவாங்க. நீ அதைப் பாத்துச் சொல்லணும்."

சனிக்கிழமை மத்தியான எடைக்கு ஒரு வழக்கம் உண்டு. சூப்பர்வைசர் ஜீப்பில் வந்து சேராமல் தராசில் ஒரு மூட்டைகூட ஏற்றக் கூடாது. அவர் நாலு தோட்டம் சுற்றி வருவதற்குள் அரைமணி நேரம் ஆகிவிடும். அதுவரைக்கும் பெண்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு எடைக் கொட்டகையில் காத்திருப்பார்கள். மாமா அந்த அரைமணி நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

கதை ஏழு பக்கம். அதற்கு ஏழு கொட்டாங்குச்சி வீட்டிலிருந்து எடுத்துப்போய்த் தராசுக்குப் பின்னால் வரிசையாக வைத்துக்கொண்டேன். யாராவது கொட்டாவி விட்டால், பக்கத்தில் இருப்பவரோடு பேசினால், தலைத்துண்டைச் சரிசெய்தால், அந்தப் பக்கத்துக்கு உரிய கொட்டாங்குச்சியில் ஒரு தேயிலை போட வேண்டும். எங்கே இலை அதிகமோ அங்கே கதை தொய்வு. இதுதான் மாமாவின் கணக்கு.

"என்னா பாப்பா அது?" என்று சிவப்புத் தலைத்துண்டு கட்டிய ஒரு அக்கா கேட்டார்.

"பல்லாங்குழிங்க" என்றேன்.

"ஒத்த ஆளாவா ஆடுற? சரி, நீயே ஜெயிச்சுக்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

மாமா படிக்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் நான் கதை கேட்டிருக்கிறேன், கதை கேட்கிறவர்களைப் பார்த்ததில்லை. எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. ஒருவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒருவர் நகத்தில் ஒட்டிய பச்சைக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டல் அசைவா இல்லையா என்று மாமா சொல்லவில்லையே என்று குழம்பி, பாதி இலையாகக் கிள்ளிப் போட்டேன்.

மூன்றாம் பக்கம் முழுக்க மூடுபனி. மாமா அதை ரொம்ப ஆசையாக எழுதியிருந்தார். கொட்டகையில் ஒரு சத்தமில்லை, ஒரு அசைவில்லை. மூன்றாவது கொட்டாங்குச்சி காலியாகவே இருந்தது. தூணில் சாய்ந்திருந்த ஒரு பெரியம்மா கண்ணை மூடி அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். தூங்குகிறவர்களும் அசைய மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஐந்தாம் பக்கம் வந்தது.

கதை ஒரு அக்காவையும் தங்கையையும் பற்றியது. குடும்பம் சிலோனை விட்டுக் கிளம்புகிறது. தங்கையின் பெயர் மட்டும், அங்கேயே இருக்கப்போகிற சித்தி குடும்பத்துக் குடியுரிமைக் காகிதத்தில் இருப்பதால் அவளும் தங்க வேண்டும். ஸ்டேஷனில் அக்கா அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். ஒரு பக்கத்துச் சடை முடிந்து ரிப்பனும் கட்டியாகிவிட்டது. அடுத்த சடை பாதியில் இருக்கும்போது ரயில் ஊதிவிடுகிறது. யாரோ கையைப் பிடித்து இழுத்து அக்காவை ஏற்றிவிடுகிறார்கள். கப்பலேறிக் கரை மறைந்த பிறகுதான் பார்க்கிறாள், இன்னொரு சடைக்கான சிவப்பு ரிப்பன் அவள் கையிலேயே இருக்கிறது.

மாமா இதைப் படித்தபோது கொட்டகையே ஆட்டம் கண்டுவிட்டது. ஒருவர் இருமினார். ஒருவர் மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். இரண்டு பேர் எழுந்து மழை வருகிறதா என்று வெளியே பார்த்தார்கள், வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சிவப்புத் தலைத்துண்டு அக்கா துண்டை முழுக்க அவிழ்த்து, முகத்தைத் துடைத்து, திரும்பக் கட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். நான் இலையைப் போட்டுக்கொண்டே இருந்தேன். எண்ணிப் பார்த்தால் பதினாலு. மற்ற கொட்டாங்குச்சிகளில் மூன்றுக்கு மேல் இல்லை.

அன்று மாலை மாமா கேட்டார், "எங்க அம்மணி போரடிச்சுது?"

நான் ஐந்தாவது கொட்டாங்குச்சியை அவர் முன்னால் கவிழ்த்தேன். மாமா இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதைத்தான் நல்லா எழுதியிருக்கறதா நினைச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் தலையில் கைவைத்து, "உன்ற கண்ணு கழுகுக் கண்ணு" என்றார். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாராட்டுக்காக நான் ஏங்கினேன். மழை பார்க்க எழுந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு இலை போட்டிருந்தேன்.

மாமா ஸ்டேஷனையும் சடையையும் ரிப்பனையும் எடுத்துவிட்டார். "தங்கை அங்கேயே தங்கிவிட்டாள்" என்று ஒரே வரி வைத்தார். காலியான இடத்தில் மூடுபனியைக் கொஞ்சம் நீட்டினார். அடுத்த சனிக்கிழமை திருத்திய கதையைப் படித்தபோது ஒருவரும் அசையவில்லை. ஏழு கொட்டாங்குச்சியிலும் சேர்த்து ஒரே ஒரு இலை, அதுவும் யாரோ தும்மியதற்கு. மாமா சந்தோஷத்தில் எனக்கு வர்க்கி பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமை கதை தபாலில் போனது.

பத்து நாள் கழித்து அப்பா சாப்பிடப் போயிருந்த நேரம், நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். சிவப்புத் தலைத்துண்டு அக்கா வந்தார்.

"கணக்கப்பிள்ளை ரெண்டாவது வாட்டி படிச்சாரே, அதுல அந்த ரிப்பனைச் சொல்லலியே பாப்பா. மறந்துட்டாரா?"

"இல்லைங்க. நீங்கெல்லாம் நெளிஞ்சுக்கிட்டே இருந்தீங்க. அதான் எடுத்துட்டாரு."

அவர் முகத்தில் கோபமில்லை. "அப்புடியா" என்றார். பிறகு, "சிவப்பு ரிப்பன் இருக்கா? ஒரு முழம் குடு" என்றார்.

அவருக்கு இரண்டும் பையன்கள், இரண்டு பேரும் என் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "யாருக்குங்க? எவ்வளவு பெரிய புள்ளைக்கு?" என்று கேட்டேன். சடைக்குத் தகுந்தபடி ரிப்பன் அளக்க வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

அவர் கையை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து நிறுத்திக் காட்டினார். "இம்புட்டு ஒசரம்" என்றார். கையை எடுக்காமலே, "அப்போ" என்றார்.

நான் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மாமா வந்ததும் சொல்லியிருக்கலாம். அந்த அக்கா ரிப்பனைக் கேட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் உடனே பழைய பக்கத்தை எடுத்து மறுபடி தபாலில் போட்டிருப்பார். நான் சொல்லவில்லை. சொன்னால் கழுகுக் கண் பெயர் போய்விடுமோ என்று பயந்தேன். அந்த அக்கா எதற்கு ரிப்பன் வாங்கினார் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவும் இல்லை.

கதை திரும்பி வந்தது. கூடவே வந்த அச்சடித்த சீட்டின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்கள். நடை நன்றாக இருக்கிறதாம், ஆனால் இந்த அக்கா எதைத் தொலைத்தாள் என்று தெரியவில்லையாம். மாமா அதை இரண்டு தரம் படித்தார். "என்னங்க மாமா எழுதியிருக்குது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அம்மணி" என்றார். அப்பா அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை. அம்மன் முன்னால் சொன்ன சொல்லை மாமா காப்பாற்றினார். அதற்குப் பிறகு அவருடைய பேனா இலை எடையை மட்டும்தான் எழுதியது.

மாமா இப்போது காரமடைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். கண் நன்றாகத் தெரிகிறது. எனக்குப் பயமே அதுதான். ஆனாலும் இதை முதலில் அவருக்குத்தான் அனுப்பப் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் முருகன் பிரசாதமாக ஏற்றுக்கொள்கிறேன்.

என் மகளுக்கு ஒன்று சொன்னேன், கதை எழுதுகிற மற்றவர்களுக்கும் அதுவேதான். கேட்கிறவர்கள் அசைந்தால் உடனே கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏன் அசைந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் பதினாலு இலை போட்டேன். ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் எனக்குப் புண்ணியம். சொல்லும்போது என்னை நல்லவளாக்க வேண்டாம். மாமாவைப் பெரிய எழுத்தாளராக்கவும் வேண்டாம். அந்த அக்கா கடையில் அழுதார் என்று சேர்க்க வேண்டாம், நான் பார்த்தவரைக்கும் அவர் அழவில்லை. நீளமாக இருக்கிறதே என்று ரிப்பனை விட்டுவிடாதீர்கள். அவர் கையை நிறுத்திக் காட்டினாரே, அந்த உயரத்தை மட்டும் ஒரு விரல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.