ஏழாவது புத்தகத்தில் நான் செய்த திருத்தங்கள்

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே கவரைப்பேட்டை ஒன்றுதான் நிலையம். மின்ரயிலில் அந்தத் தூரத்துக்குள் எட்டுப் பக்கம் உரக்கப் படிக்கலாம். சிக்னலில் வண்டி நின்றால் பத்து. போன ஓராண்டில் மகளிர் பெட்டியில் உட்கார்ந்து அப்படியே ஒரு துப்பறியும் தொடரின் ஆறு புத்தகங்களை முடித்திருந்தோம். படிப்பவள் நான். கேட்பவள், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ் பிடித்து வரும் என் தோழி. ஓடும் வண்டியில் எழுத்தைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றும். எங்கள் தொழிற்சாலையில் அவள் பேக்கிங், நான் தரப் பரிசோதனை.

எட்டுப் பக்கம் முடிந்ததும் படிப்பு நிற்கும். மிச்ச தூரம் கொலைகாரன் யார் என்று சண்டை. இருவர் யூகத்தையும் டைரியில் குறித்துக்கொள்வேன். ஆறில் நான்கு முறை அவள்தான் ஜெயித்தாள்.

அதற்கு முன் பதினோரு வருடம் அதே ரயிலில் தனியாகத்தான் படித்தேன். மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. ஏனென்றால் அவள் சீரியல்களை விட்ட கதை எனக்குத் தெரியும். "பொய்யி சொல்ட்டான்னா அத்தோட சரிக்கா. அப்பால அந்தப் பக்கமே போவமாட்டேன்" என்பாள். போகவும் மாட்டாள்.

ஏழாவது புத்தகத்தின் கதை பழவேற்காட்டிலேயே நடந்தது. ஆசை தாங்காமல், இருவரும் சேர்ந்துதான் படிப்பது என்ற ஒப்பந்தத்தை மீறி ஞாயிற்றுக்கிழமையே முழுவதையும் படித்தேன். சோர்ந்துபோனேன். முன்பெல்லாம் ஒரு டம்ளரின் ஈரத்தைப் பார்த்தே நேரத்தைக் கணக்கிட்ட பெண் இன்ஸ்பெக்டர், இதில் யாராவது போன் செய்து துப்புச் சொல்லக் காத்திருக்கிறார். மூன்று முறை போன் வருகிறது. நூற்று எழுபத்தாறு பக்கப் புத்தகத்தில் கொலைகாரன் நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறான். பன்னிரண்டாம் பக்கத்தில் இடது கையில் இருந்த கடிகாரம் தொண்ணூறில் வலது கைக்குப் போய்விட்டது. மொத்தம் ஒன்பது பிழைகள். நூற்றுக்கு முப்பத்தெட்டு என்று எழுதினேன். முந்தைய ஆறில் எதற்கும் எழுபதுக்குக் குறைத்ததில்லை.

எங்கள் வேலையில் பரிசோதிப்பவர் பழுதைக் குறிக்கலாம். தானே சரிசெய்து அனுப்பக் கூடாது. அன்று பென்சிலை எடுத்து அதைத்தான் செய்தேன். கொலைகாரனை முப்பதாம் பக்கத்திலேயே ஐஸ் வண்டி ஓட்டுபவனாக நுழைத்தேன். இரண்டு போன்களை அடித்தேன். கடிகாரத்தை இடது கைக்கே திருப்பினேன்.

பன்னிரண்டு நாள் நன்றாகப் போயிற்று. பதின்மூன்றாம் நாள், சித்திரை மாதத்தில் ஏரியில் போட்ட பிணம் ஒரே இரவில் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது என்று படித்தேன்.

"இன்னாது? திரும்பப் படிக்கா."

படித்தேன்.

"சித்திரையில முகத்துவாரம் மண்ணு மூடிக்கினு கெடக்கும்க்கா. நாங்க நடந்தே அந்தாண்ட போய்ட்டு வருவோம். பொணம் இன்னா எறங்கி நடந்துச்சா?"

எதிரே இருந்த பூக்காரம்மா, "டிக்கெட் எட்த்துச்சா கேளு" என்றார். பெட்டியே சிரித்தது.

எனக்குத் தெரியாத பிழை, அதனால் திருத்தாமல் விட்ட பிழை. அவள் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினாள்.

"இன்னாக்கா இது, ஐஸ் வண்டிக்காரன் உன் கையெழுத்துல கீறான்?"

"புக்கு நல்லா இல்லம்மா. நீ கேக்கறத நிறுத்திடுவியோன்னு நான்தான் மாத்திட்டேன்."

"ஒம்போது நாளா அவன்மேலதான் எனக்கு டவுட்டு. அப்ப நான் உன் கதையத்தான் கண்டுபுட்ச்சிக்கினு இருந்தேனா?"

கும்மிடிப்பூண்டியில் எனக்காக நிற்காமல் இறங்கிப் போனாள். மதியம் கேண்டீனில் வேறு மேஜையில் உட்கார்ந்தாள். டைரியில் அன்று யூகம் எழுதும் இடம் காலி.

மறுநாள் காலை எனக்கு முன்பே ஏறி, ஜன்னலோர இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.

"மொதப் பக்கத்துலேர்ந்து படி. அவன் எழுதினத மட்டும். ஒரு எழுத்து மாத்துன, கவரப்பேட்டையிலயே எறங்கிடுவேன்."

"நிறுத்தலையா?"

"டிவிக்காரன யாரு போயி கேக்கறது? இவன் பின்னாடி அட்ரஸு போட்டுக்கீறான் பாரு. கேப்போம்."

எழுதியிருந்தபடியே இருபத்திரண்டு நாள் படித்தேன். நல்ல புத்தகங்களில்கூட நாங்கள் இவ்வளவு சிரித்ததில்லை. என் ஒன்பதோடு அவள் இன்னும் ஆறு சேர்த்தாள். ஒன்று அந்த முகத்துவாரம், மற்ற ஐந்தும் வலை, படகு, இறால் பற்றியவை. ஆனால் நான் கவனிக்காமல் தாண்டிய ஓரிடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இறந்தவனின் மனைவி மறுநாள் காலையிலும் அவன் டிபன் பாக்ஸைக் கழுவி, வழக்கமான இடத்தில் கவிழ்த்து வைக்கிறாள்.

"இது நெசம்க்கா. இத எழுதினவனுக்குக் கத வரும்."

மதிப்பெண்ணை நாற்பத்தைந்தாக்கினேன். ஐம்பது போடச் சொன்னாள். மறுத்துவிட்டேன்.

கடிதத்தின் முதல் வரி அவள் சொன்னது: "ஐயா, சித்திரையில் ஒருமுறை வாருங்கள், முகத்துவாரத்தை நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம்." கீழே பதினைந்து பிழைகளையும் பக்க எண்ணோடு வரிசையாக எழுதினேன். டிபன் பாக்ஸைப் பற்றித் தனிப் பத்தி.

உறையை ஒட்டப் போகும்போது கையைத் தடுத்தாள்.

"இருக்கா, ஒட்டாத. எட்டாவதுலயாவது அந்த போனு வர்றத கொறச்சிக்கச் சொல்லு."