சளி பிடித்த மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமைதான் என் மகளை முதன்முதலாகத் தூக்கினேன். அவள் பிறந்து முப்பத்தைந்து நாள்!

ஏன் இவ்வளவு தாமதம் என்கிறீர்களா? சளி. வெறும் ஜலதோஷம்.

மனைவி பிரசவத்துக்குப் போனது திருவாலங்காட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு. எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். வாரம் ஒரு நாள்தான் லீவு. சென்ட்ரலில் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே மாமியார் கை நீட்டித் தடுப்பார்.

"மாப்ள, அங்கியே நில்லுங்க. மூக்கு ஒழுகிக்கினு இருக்குது. பச்ச புள்ள..."

கோபப்பட முடியுமா? நியாயம்தானே! ஜன்னல் வழியாக மனைவி காட்டுவாள். துணிக்குள் துளியூண்டு நெற்றி தெரியும். ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தால் போதும் என்று கை இரண்டும் பரபரக்கும்... அப்படியே திரும்பி வருவேன்.

நான்கு வாரம் இதே கதை. மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரை 'மூணு நாள் செட்' வாங்கி விழுங்கினேன். போதாதென்று ஆன்டிபயாடிக்கும் கேட்டு வாங்கினேன். வயிறு கெட்டது, சளி அசையவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனால் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"அது பாக்டீரியாவுக்குப்பா. உனக்கு வந்திருக்கறது வைரஸ். அதுல நூறு ரகத்துக்கு மேல இருக்கு. ஒண்ணுக்கு உடம்பு பழகறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. எல்லாத்துக்கும் ஒரே மருந்துன்னா எங்க போறது? ஆமா, வேலைக்கு எதுல போறே?"

கம்பெனி பஸ்ஸில்! ஜன்னல் திறக்காத ஏசி பஸ். கடைசி சீட்டில் ஒருவர் தும்மினால் டிரைவர் வரைக்கும் பங்கு உண்டு. லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடுமே... அதனால் அத்தனை பேரும் சளியோடுதான் ஏறுகிறோம். தினுசு தினுசாக வருவது வைரஸின் சாமர்த்தியம். அதை வாராவாரம் பரிமாறிக்கொள்வது யார் சாமர்த்தியம்?

அந்த வாரம் முழுக்க பைக்கில் போனேன். ஞாயிற்றுக்கிழமை மூக்கு சுத்தம். மாமியார் உற்றுப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

மகளை இரண்டு கையாலும் வாங்கினேன். "கண்ணு... அப்பா வந்திருக்கேன்டா" என்றதுதான் தாமதம் — வீல் என்று ஒரே அலறல்! எனக்கும் அழுகை வந்துவிட்டது. இதற்கா இத்தனை நாள் ஏங்கினேன்?

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "டெய்லி போனை அவ காதுல வெச்சி உங்க குரலைக் கேக்க வெச்சேன் இல்ல? மூக்கடைச்ச குரலுதாங்க அவளுக்கு அப்பா. இப்ப இன்னா, வேற ஆளாட்டம் பேசுறீங்க?"

சொல்லிக்கொண்டே என் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தாள். "கண்ணு..." என்றேன். அழுகை நின்றது. மகள் என்னையே பார்த்தாள்.

சளி தீர்ந்ததற்காக ஒருவன் வருத்தப்பட்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்!